கவுனிக்குக் கட்டி

ஜூலை 13, 2025, ஞாயிறு. பள்ளத்தூர்

எங்கள் பூனை கவுனியின் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு கட்டி.

மத்தியானம் ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மடியில் ஏறிப் படுத்தாள். தடவிக் கொடுக்கும்போது விரலில் இடறியது. பட்டாணி அளவு இருக்கும். தோலோடு சேர்ந்து லேசாக நகர்கிறது, அழுத்தினால் அவளுக்கு வலிக்கவில்லை. முப்பது வருஷமாகத் துணி தைக்கிற விரல் இது. நெசவில் ஒரு முடிச்சு இருந்தால் கண்ணுக்கு முன்னால் விரல் சொல்லிவிடும். போன வாரம் இது இல்லை, நிச்சயமாக.

போன ஞாயிறுதான் மாட்டாஸ்பத்திரியில் அவளுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தேன். ஜூலை 6 அன்று இலவசமாகப் போடுகிறார்கள். 1885-இல் அதே தேதியில்தான் லூயி பாஸ்டர் முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு அந்த ஊசியைப் போட வைத்தாராம். ஊசி போட்ட இடமும் கட்டி இருக்கிற இடமும் ஒன்றுதான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாளைக்குக் கூட்டிப்போகிறேன்.

ஜூலை 14, திங்கள்

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை, சீழ் கோத்த மாதிரி மெத்தென்று இல்லை, காய்ச்சலும் இல்லை. சண்டையில் வேறொரு பூனையின் பல் பட்டிருந்தால் மேலே தோல் மூடிக்கொண்டு உள்ளே இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டிவிடும், அது தொட்டாலே கொதிக்கும், பூனை சாப்பிடாது என்றார். கவுனி காலையில் வழக்கம்போலத்தான் சாப்பிட்டாள்.

"ஊசிக் கட்டிதான்மா. தானா கரையும். ஆனா மூணு, ரெண்டு, ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க" என்று ஒரு கணக்குச் சொன்னார். ஊசி போட்டு 3 மாதம் ஆகியும் கட்டி இருந்தால், அல்லது 2 சென்டிமீட்டரைத் தாண்டினால், அல்லது 1 மாதத்துக்குப் பிறகும் பெரிதாகிக்கொண்டே போனால் உடனே வரவேண்டும். எங்கேயோ ஆயிரக்கணக்கில் ஒரு பூனைக்கு அந்த இடத்தில் புற்று வைப்பது உண்டாம்.

அளவு டேப்பால் அளந்தேன். 0.8 சென்டிமீட்டர். இனி தினமும் ராத்திரி அளந்து எழுதி வைப்பேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

இன்றைக்கு எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதுகை அளந்து முடித்ததும் சும்மா வயிற்றுப் பக்கம் கையை விட்டேன். வயிற்றைத் தொட விடவே மாட்டாள். ஒன்பது வருஷமாக நான் அவள் வயிற்றைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. வெயில் காலம் முழுக்க வளவில் (வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றியுள்ள தூண் வைத்த பகுதி) ஆத்தங்குடிக் கல்லின் மேல் வயிற்றை ஒட்டவைத்துக் குப்புறக் கிடப்பாள். கல்லின் குளிர்ச்சி அவளுக்கு வேண்டும். நமக்குத் தெரிவதெல்லாம் கறுப்பு முதுகுதான்.

இடது பக்கம், பின்னங்காலிலிருந்து இரண்டாவது காம்புக்குப் பக்கத்தில் ஒன்று. கொண்டைக்கடலை மாதிரி, ஆனால் மேல்புறம் சொரசொரவென்று, கல் போல. முதுகுக் கட்டி வழுக்கிக்கொண்டு போகிறதே, அது மாதிரி இது நகரவில்லை, அடியில் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் காம்பின் அருகில் இன்னொன்று, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. அதை நான் பத்துத் தடவை தேடித் தேடித் தொட்டேன். ஒரு தடவை இருக்கிறது, ஒரு தடவை இல்லை. கடைசியில் இருக்கத்தான் செய்தது.

ஒரு காகிதத்தில் அவள் வயிற்றை வரைந்தேன். பூனைக்குப் பக்கத்துக்கு நாலாக எட்டுக் காம்பு. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல நாலுக்கு இரண்டு வரிசை வைத்து, கட்டி இருக்கிற இடத்தில் பேனாவால் வட்டம் போட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

டாக்டரம்மா விடுப்பில் இருக்கிறார். காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். கூடையைத் திறந்து ஒரு விரலால் தொட்டுவிட்டு, "கொழுப்புக் கட்டி, வயசாச்சுல்ல, விடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். சத்து டானிக் ஒரு பாட்டில். நான் வரைந்து கொண்டுபோன காகிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கொழுப்புக் கட்டியாகவே இருக்கட்டும். ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் எப்படித் தெரியும்?

ஆயா (என் பாட்டி) மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடலாம் என்கிறார். மனுஷருக்கு வரும் வேனல் கட்டிக்கு அது சரி. இவள் நக்கினால் சுண்ணாம்பு நாக்கை வேகவைத்துவிடும். வேண்டாம் ஆயா என்றேன்.

ஜூலை 21, திங்கள்

டாக்டரம்மா வந்துவிட்டார். காகிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு எட்டு இடத்தையும் ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தார். என் இரண்டு வட்டமும் சரி. பெரியது 1.1 சென்டிமீட்டர், சின்னது 0.5. முதுகுக் கட்டியை அவர் பொருட்படுத்தவே இல்லை.

மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு இழுத்து, அதில் வந்ததைக் கண்ணாடித் துண்டில் தடவினார். மயக்க மருந்து இல்லை. ஒரு நிமிஷ வேலை. நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன், கவுனி ஒரு தடவை உறுமினாள், அவ்வளவுதான். இதைச் செய்வதற்கு வெள்ளிக்கிழமை அவர்களுக்கு என்ன தடை இருந்தது?

எப்போது கருத்தடை செய்தீர்கள் என்று கேட்டார். 2019-இல், மூன்று வயதில், இரண்டு ஈற்றுக்குப் பிறகு. அதற்கு முன்னால் குட்டி போடாமல் இருக்க ஏதாவது ஊசி போட்டீர்களா என்று கேட்டார். போட்டேன். 2018-இல், மருந்து விற்கிற ஒருவர் சொன்னார் என்று, இரண்டு தடவை. டாக்டரம்மா ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். அது ஹார்மோன் ஊசி என்றும், பால் சுரப்பியில் கட்டி வருவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்றும் நான் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் சொன்னார். ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்திருந்தால் இந்த ஆபத்து 91 சதவீதம் குறைந்திருக்கும், ஒரு வயதுக்குள் என்றால் 86. இரண்டு வயதைத் தாண்டினால் பலன் இல்லை.

பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

போன் வந்தது. செல்கள் நல்லபடியாக இல்லை. பூனைக்குப் பால் சுரப்பியில் வரும் கட்டிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது புற்றுதானாம். கட்டியை எடுத்துச் சோதித்தால்தான் முழு விவரம் தெரியும். "ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள இருக்கும்போதே கொண்டுவந்துட்டீங்க. அதுதான் பெரிய விஷயம். மூணைத் தாண்டுனா கையில மாசக்கணக்குதான் இருக்கும்" என்றார். ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குப் போகலாம், இல்லாவிட்டால் மதுரைக்கு. திருப்பத்தூர், மேலூர் வழி எனக்குப் பழகிய பாதை. மதுரை என்று முடிவு செய்தேன்.

ஜூலை 26, சனி

ஆயாவுக்கு 84 வயது. "பூனைக்குப் போய் வயித்தைக் கிழிக்கணுமாத்தா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இன்றைக்குச் சாயங்காலம் கவுனியை மடியில் போட்டு அவர் விரலைப் பிடித்துக் கட்டியின் மேல் வைத்தேன். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"எங்க ஆச்சிக்கு மார்ல இப்பிடித்தான் இருந்துச்சு. ஒரு தடவை எங் கையப் புடிச்சு வச்சுக் காமிச்சாக. யார்ட்டயும் சொல்லாதடின்டாக."

ஆச்சி என்றால் ஆயாவின் அக்கா. நான் பார்த்ததில்லை. பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) அவர் படம் மாட்டியிருக்கிறது, இடுப்பில் சாவிக்கொத்தோடு.

"சொல்லியிருக்கணும்ல நானு" என்றார் ஆயா. கொஞ்ச நேரம் கழித்து, "மதுரைக்கு என்னைக்குப் போறே?" என்று கேட்டார்.

ஜூலை 30, புதன்

மதுரை. ரத்தப் பரிசோதனை. நெஞ்சுக்கு மூன்று கோணத்தில் எக்ஸ்ரே. இது முதலில் பரவுவது நிணநீர்க் கணுவுக்கும் (நெறி கட்டுகிற இடம்) நுரையீரலுக்கும்தான். நுரையீரலில் புள்ளி தெரிந்தால் அறுவை செய்வதில் அர்த்தமில்லை. விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஒன்றரை மணி நேரம் ஆனது. கட்டியை மட்டும் தோண்டி எடுப்பதில்லை. ஒரு பக்கத்து நாலு சுரப்பியும் நிணநீர்க் குழாயால் ஒன்றோடொன்று தொடர்பு உள்ளவை, அதனால் இடது வரிசை முழுவதையும் தொடையிடுக்குக் கணுவோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பார்மலினில் போட்டுச் சோதனைக்கு அனுப்பியாயிற்று. வண்டி வாடகை தவிர்த்து இதுவரை 21,000 ரூபாய்.

மேலூர் தாண்டும்போது கண் விழித்து என் விரலை ஒரு தடவை நக்கினாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

அக்குளிலிருந்து தொடை வரைக்கும் தையல். எண்ணிப் பார்த்தேன், 26. முடி மழித்த தோல் வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்கிறது. கறுப்புப் பூனைக்கு உள்ளே இப்படி ஒரு தோல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. தையல் நன்றாகப் போட்டிருக்கிறார்கள். ஒரே இடைவெளி, இழுப்பு இல்லை. எனக்குத் தெரியும்.

கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பைத்தான் தாங்க முடியவில்லை. வளவுத் தூண் ஒவ்வொன்றிலும் முட்டிக்கொள்கிறாள். முட்டிய இடத்திலேயே நின்றுவிடுகிறாள்.

எதிர் வீட்டு ஆச்சி பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் சிரப்பைக் கொண்டுவந்தார், வலிக்குக் கொடு என்று. நல்ல மனசோடு கொண்டுவந்தார். அதில் இருப்பது பாராசிட்டமால். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது, ரத்தம் கெட்டு ஈறு பழுப்பாகிவிடும், ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும் என்று மதுரையில் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். ஆச்சியிடம் விவரம் சொன்னேன். பயந்துபோய் இடுப்பில் செருகிக்கொண்டு போனார். பூனை வளர்க்கிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆயா பெட்டியிலிருந்து ஒரு பழைய கண்டாங்கிச் சேலையை எடுத்துக் கொடுத்தார். அரக்கில் மஞ்சள் கட்டம். துவைத்துத் துவைத்துப் பூவாக இருக்கிறது. "இந்தா, இதுல அவளுக்குச் சட்டை தை."

மதுரைக்குப் போன் போட்டுக் கேட்டேன். காயத்தை முழுக்க மூடி, இறுக்காமல் இருந்தால் கூம்பைக் கழற்றலாம் என்றார்கள். கழுத்து 21, நெஞ்சு 34, நீளம் 36 சென்டிமீட்டர். காலுக்கு நாலு துளை, முதுகில் முடிச்சு, வால் பக்கம் தாராளம். வயிற்றுப் பக்கம் தையல் எதுவும் வராமல் ஒரே துண்டாக வெட்டினேன், காயத்தில் உரசக் கூடாது என்று. முதலில் தைத்தது தோளில் பிடித்தது, பிரித்து மறுபடி தைத்தேன். மாட்டியதும் அசையாமல் ஐந்து நிமிஷம் நின்றாள். அப்புறம் நடந்தாள். தூணில் முட்டவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

சாப்பிடுகிறாள். கண்மாய்க் கெண்டையை உப்பு, காரம் இல்லாமல் அவித்து, முள் எடுத்து, வெதுவெதுப்பாக. குழம்பு மீனைக் கழுவிக் கொடுக்கலாமே என்றார் ஆயா. நம் குழம்பில் சின்ன வெங்காயம் இல்லாமல் என்ன இருக்கிறது? வெங்காயம் பூனைக்கு ஆகவே ஆகாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

தையல் பிரித்தாயிற்று. காயம் கூடியிருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அறிக்கை வந்தது. இரண்டுமே புற்றுதான். கார்சினோமா. ஆனால் வெட்டிய ஓரங்களில் புற்றுச் செல் இல்லை, கணுவிலும் இல்லை. பரவும் வேகத்தை மூன்று படியாகப் பிரிப்பார்களாம், இவளுக்கு முதல் படி.

அந்த மிளகு அளவுக் கட்டியும் புற்று. அதை நினைத்தால்தான் உடம்பு நடுங்குகிறது. தேடாமல் விட்டிருந்தால் அது கையில் அகப்பட்டே இருக்காது.

இனி 3 மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே. வலது வரிசையையும் எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள், உடம்பு தேறிய பிறகு.

செப்டம்பர் 7, ஞாயிறு

முடி வளர்ந்துவிட்டது, முதலில் பழுப்பாக, இப்போது கறுப்பாக. முதுகுக் கட்டி 0.3. வலது பக்கம் நாலு இடமும் சுத்தம். ஞாயிறுதோறும் பார்க்கிறேன். முன்காலிலிருந்து பின்கால் வரை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோலை மெதுவாக உருட்டிக்கொண்டே போகவேண்டும். இரண்டு நிமிஷம் ஆகும். இப்போதெல்லாம் விடுகிறாள்.

அக்டோபர் 6, திங்கள்

ஊசி போட்டு இன்றோடு 3 மாதம். முதுகில் ஒன்றும் இல்லை. ஆயாவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன், அவர் விரலுக்கும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை மதுரையில் வலது பக்கத்து அறுவை. ஒன்பது வயதில் இரண்டாம் தடவை மயக்கம் கொடுக்க வேண்டுமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, அதனால் சரி என்றேன்.

கண்டாங்கிச் சட்டையைத் துவைத்து முற்றத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். தோள் பக்கம் அரை சென்டிமீட்டர் பிரித்துவிட வேண்டும். கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள்.