28 நாள் கணக்கில் ஒரு நாள் தவறியபோது

ஓராண்டு முதுகலைப் படிப்புக்காக 2025 செப்டம்பரில் மதுரையிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்கு வந்தேன். சேர்க்கை, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. என்னை அலைக்கழித்தது மாணவர் விசாவுக்காகக் காட்ட வேண்டிய பணக் கணக்குதான்.

லண்டனுக்கு வெளியே படிப்பவர்கள் மாதம் 1,136 பவுண்ட் வீதம் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவுக்கு 10,224 பவுண்ட் வங்கியில் காட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். அந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும், நடுவில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. ஜூன் 27 அன்று 12,05,000 ரூபாயைப் போட்டுவிட்டு நாட்களை எண்ணத் தொடங்கினேன். ஜூலை 25 காலை ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் வயிறு கலங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எடுத்த காப்பீட்டு பாலிசியின் வருடப் பிரீமியம் 24,000 ரூபாய், ஜூலை 15 அன்று தானாகவே போயிருந்தது. இருப்பு 11,81,000.

விண்ணப்பத்தைக் கவனித்த ஏஜென்சிக்காரர், “சராசரி இருப்பு சரியா இருந்தா போதும், அப்படியே போடுங்க” என்றார். நல்லவேளை, அதை நம்பவில்லை. இங்கிலாந்து அரசின் விதியை நானே உட்கார்ந்து படித்தேன். சராசரி என்ற பேச்சே அதில் இல்லை. அப்படியே விண்ணப்பித்திருந்தால் நிராகரிப்புதான், விசாக் கட்டணம் 524 பவுண்டும் போயிருக்கும். அன்றே மாமாவிடம் கைமாற்று வாங்கி இருப்பை 12,75,000 ஆக்கி, முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணினேன். ஆகஸ்ட் 22 அன்றுதான் விண்ணப்பிக்க முடிந்தது. வகுப்போ செப்டம்பர் 22. விசா முடிவுக்கு மூன்று வாரம் காத்திருக்கத் துணிவில்லாமல் விரைவுச் சேவைக்குத் தனியாக 500 பவுண்ட் கட்டினேன். ஐம்பதாயிரத்துக்கும் மேல், ஒரு பிரீமியத்தால் போன காசு அது.

அதனால் பணம் போடும் முன்பே அந்தக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தம் ஆகிற எல்லாவற்றையும் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ரூபாய் மதிப்பை விண்ணப்பிக்கும் நாளின் விகிதத்தில்தான் பவுண்டாக மாற்றிப் பார்ப்பார்கள். ஐம்பதாயிரமாவது கூடுதலாக இருக்கட்டும். விசாவோடு கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணமும் தனி (எனக்கு 1,164 பவுண்ட் ஆனது), அதை இந்தப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டிவிடாதீர்கள்.

கல்விக் கட்டணம் அனுப்பியதிலும் ஓர் அலைச்சல். எங்கள் ஏரியா வங்கிக் கிளையில் அரை நாள் உட்கார வைத்துவிட்டு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது பெரிய கிளையில்தான் என்றார்கள். வாசலிலேயே சொல்லியிருக்கலாம். அப்புறம், 10 லட்சத்துக்கு மேல் போன 5,60,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 28,000 ரூபாயை டிசிஎஸ் என்று, வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு முன்கூட்டியே வசூலிக்கும் வரியாகப் பிடித்தார்கள். முறையான கல்விக் கடனாக இருந்தால் அந்தப் பிடித்தம் கிடையாது. அம்மாவின் நகையை வைத்து வாங்கிய பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்ப வாங்கலாம், ஆனால் கிளம்பும் நேரத்தில் அந்த 28,000 கையில் இல்லாதது உறுத்தியது.

பெட்டி விஷயத்தில் ஆறு கிலோ பருப்பும் மசாலாவும் சுமந்து வந்ததுதான் என் தவறு. லெஸ்டரில் பெல்கிரேவ் ரோட்டுக்குப் போனால் அரிசி, பருப்பு, புளி எல்லாம் கிடைக்கிறது. அந்த எடைக்கு இன்னொரு போர்வை வைத்திருக்கலாம். சித்தி ஆசையாகக் கொடுத்த நெய்யையும் பால்கோவாவையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். பால் பொருட்களை இந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவர அனுமதியில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், பொடியாக்கி எடுத்து வாருங்கள். குக்கருக்கு உபரி கேஸ்கெட், இன்னொரு மூக்குக் கண்ணாடி, இந்த ஊர் பிளக்குக்கான அடாப்டர் மூன்றும் முதல் வாரத்திலேயே கைகொடுத்தன.

ஊர் சிம்முக்கு ரோமிங்கைக் கிளம்பும் முன்பே போட்டிருந்தேன், ஓடிபி தடையில்லாமல் வந்தது. அதே விமானத்தில் வந்த தம்பி ஒருவன் அதைச் செய்யவில்லை. ஓடிபி வராமல் அவனால் அறை வாடகை கட்ட முடியவில்லை. என் கையிலிருந்த 200 பவுண்டைக் கொடுத்தேன். அடுத்த வாரமே திருப்பித் தந்துவிட்டான்.