நிற்பதும் உட்காருவதும்

2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, என் சித்தப்பா எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றார். கேட்டவர்களிடமெல்லாம் "ஊருக்கு ஏதாவது செய்யணும்" என்றே சொல்லிவந்தார். வேட்பாளர் எவரும் சொல்லும் பதில்தான் அது என்பதால், ஒரு நாள் திண்ணையில் தனியாக இருந்தபோது மறுபடியும் கேட்டேன்.

"தெருக்குழாய் உடைஞ்சு கிடக்குதுன்னு சொல்லப் போனேன்ல, நிக்க வச்சே பேசி அனுப்பிட்டாங்கடா. ஒரு நாற்காலி இழுத்துப் போடல" என்றார்.

பணத்துக்காகத்தான் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அதில் உண்மையும் உண்டு: ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என்பதாலும், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுப்பதாலும், யாரும் சீந்தாத வார்டுக்குக்கூடத் திடீரென்று நான்கு பேர் மனு போடுவதுண்டு. ஆனால், தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவியோ ஆட்டோவோ, கொடுத்ததை வாங்கிக்கொண்டு சொந்தப் பெயரில் வாசல் வாசலாக ஏற வேண்டும். தோற்றால், "உனக்கு எங்கள் தெருவில் இவ்வளவுதான் மதிப்பு" என்று ஊரே எண்ணிச் சொல்லிவிடும். அதற்குத் துணிகிறவனைப் பணக்கணக்கு மட்டுமே தள்ளுவதாக எனக்குத் தோன்றவில்லை.

மேலூர் பக்கத்து மேலவளவு இதைவிடக் கடுமையான சான்று. 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியின் தலைவராக வென்ற முருகேசன், 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வரும்போது வழிமறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். உடன் வந்தவர்களும் மாண்டனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடத்த 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தகைய ஊரில் வேட்புமனுவில் கையெழுத்திட்டவருக்குச் சாலையும் சாக்கடையும் இரண்டாம் பட்சமாகவே இருந்திருக்கும். ஊராட்சி அலுவலகத்துத் தலைவர் நாற்காலியில் உட்காருவதே அவருடைய தேர்தல் அறிக்கை. என் சித்தப்பாவின் மனத்தாங்கலை அதனோடு ஒப்பிடுவது மிகை என்று தெரியும். இருந்தாலும், இரண்டிலும் நாற்காலி வருவதை என்னால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சித்தப்பா ஒன்பது வாக்கில் தோற்றார். குழாய் அடுத்த மாதமே சரிசெய்யப்பட்டது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

2025 ஜனவரியில் அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போன பிறகு ஊருக்குச் சென்றிருந்தேன். எங்கள் வார்டின் வாக்காளர் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, யார் இறந்துபோனார்கள், யாருடைய மகள் கல்யாணமாகி வெளியூர் போனாள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பட்டியலை மடக்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார்.