ஜப்பானுக்கே போய்விட்டு வந்தவள்

"ஒரு வாரம் வெளிநாடு போயிட்டு வந்தா பிள்ளைங்க என்னத்தைக் கத்துக்கும்?" என்று எங்கள் ஆசிரியர் அறையில் கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். ஜப்பானின் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014-இல் தொடங்கிய சகுரா அறிவியல் திட்டத்தில் பள்ளி மாணவர்கள் அங்கே தங்குவது ஏறக்குறைய ஒரு வாரம், அதற்குள் பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், டோக்கியோவின் மிராய்கான் அறிவியல் அருங்காட்சியகம் என்று மூச்சு விட நேரமிருக்காது. பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளுக்காக மத்திய அரசு நடத்தும் இன்ஸ்பயர் மானக் போட்டியில் தேசிய அளவில் தேறியவர்கள் சிலருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கிறது. தர்மபுரிப் பக்கம் எங்கள் அரசுப் பள்ளியிலிருந்தும் ஒருத்தி போனாள், நான் அவளுடைய வழிகாட்டி ஆசிரியை.

விமானம் ஏறும் முன்பே அமர்க்களம். பாஸ்போர்ட்டுக்காக போலீஸ் வெரிஃபிகேஷன் வந்த அன்று, ஏட்டு பைக்கை வாசலில் நிறுத்தியதும் தெருவே கூடிவிட்டது, "என் பேத்தி என்னய்யா தப்பு பண்ணா?" என்று பாட்டி அழ ஆரம்பித்துவிட்டாராம். அந்த வீட்டில் அதுவரை யாரும் பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்ததில்லை.

திரும்பி வந்தவள் ரோபோவையும் புல்லட் ரயிலையும் இரண்டு வரியில் முடித்துவிட்டாள். விடாமல் பேசியது விளக்குமாற்றைப் பற்றி. அங்கே ஒரு பள்ளிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள், வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளே மேசைகளை ஒரு பக்கம் தள்ளி, தரையைக் கூட்டி, ஈரத்துணியால் துடைத்து, படிக்கட்டு வரை முடித்துவிட்டுத்தான் பையைத் தூக்கினார்களாம். தண்டனை இல்லை, முறை வைத்துச் செய்கிற வேலை.

"நம்ம ஸ்கூல்ல மட்டும் கூட்டுறதுக்கு ஏன் டீச்சர் எப்பவும் அதே பிள்ளைங்களையே கூப்பிடுறாங்க?"

எந்தப் பிள்ளைகள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜப்பான் பள்ளி வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி "நம்ம பிள்ளைங்களும் கூட்டட்டும்" என்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி வருவதே இல்லை. பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த செய்தி இன்னமும் வருகிற ஊரில் விளக்குமாறு யார் கைக்குப் போகிறது என்பதுதான் முதல் பேச்சு. சரி என்று தலைமையாசிரியரிடம் பேசி, எங்கள் வகுப்பில் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாருக்கும் முறை போட்டோம். சில பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். வரட்டும்.

எல்லாமே ஒட்டிக்கொள்ளவில்லை. டோக்கியோ தெருக்களில் குப்பைத் தொட்டியைப் பார்ப்பதே அரிது, 1995-இல் சுரங்க ரயிலில் சரின் நச்சுவாயுத் தாக்குதல் நடந்தபின் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள், அதனால் குப்பையைப் பையிலேயே வைத்திருந்து தங்குமிடத்தில் போடுவார்களாம். இவளும் வந்த புதிதில் மிட்டாய்த் தாளைப் பையில் திணித்துக்கொண்டு திரிந்தாள். அப்புறம் விட்டுவிட்டாள்.

ஆனால் நான் எதிர்பார்க்காதது அவள் அப்பாவின் மாற்றம். செங்கல் சூளையில் கணக்கெழுதுகிறவர், பிளஸ் டூ முடித்தால் பஸ்ஸில் போய் மாலைக்குள் வீடு திரும்புகிற கல்லூரிதான், ஹாஸ்டல் பேச்சே கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். கல்லூரி விண்ணப்பம் போடுகிற சமயத்தில் அவர் தங்கைதான் கேட்டது: "ஜப்பானுக்கே போயிட்டு வந்த புள்ளையை கோயம்புத்தூருக்கு அனுப்பப் பயமாண்ணே?" அவரிடம் பதில் இல்லை. அவள் இப்போது கோயம்புத்தூரில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். ஹாஸ்டல் கட்டணம் கட்டும்போது மட்டும் அவர் இன்னும் முணுமுணுக்கிறார்.