பஞ்சைக் கழுவிய பாவம்

தம்பி மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது, மீன் தொட்டி கேட்கிறாளாம். “அக்கா, தொட்டி பாத்துட்டேன், ஃபில்டர் மட்டும் எது வாங்கறதுன்னு சொல்லு, கடையில நாலஞ்சு மாடல் காட்டறாங்க” என்று மதுரையிலிருந்து போன். நான் ஆரம்பித்ததும் இரண்டே நிமிடத்தில் “சரி சரி, வாட்ஸப்ல போடு” என்று வைத்துவிட்டான். வாட்ஸப்பில் அடங்குகிற விஷயமா இது? இங்கே எழுதுகிறேன், அவனும் படிக்கட்டும்.

சில வருடங்களுக்கு முன் கொளத்தூர் போய் இரண்டடி தொட்டி வாங்கி வந்தபோது, ஃபில்டர் என்றால் அழுக்கை உறிஞ்சும் மெஷின் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மோட்டார் எவ்வளவு வலுவோ அவ்வளவு சுத்தம். அதனால் தண்ணீருக்குள் முக்கி வைக்கிற வகையில், மணிக்கு 880 லிட்டர் என்று அட்டையில் போட்டிருந்த ஒன்றை எடுத்தேன். 24க்கு 12க்கு 12 அங்குலத் தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலே 56 லிட்டர்தான், கல்லும் மேலே விடுகிற இடமும் போனால் 45 தேறும். மணிக்கு நாலைந்து தடவை தொட்டித் தண்ணீர் முழுவதும் ஃபில்டர் வழியாகச் சுற்றினால் போதும், அதாவது 200 லிட்டர் சொச்சம். நான் வைத்தது கிட்டத்தட்ட இருபது தடவை சுற்றுகிற சாமான். நீளத் துடுப்போடு வாங்கிவந்த ஃபைட்டர் மீன், ஆடிக் காற்றில் குடை பிடித்தவன் மாதிரி ஒரு மூலையில் ஒதுங்கியே கிடந்தது. (அட்டையில் இருக்கிற எண் பஞ்சு, செராமிக் வளையம் எதுவும் போடாமல் வெறும் மோட்டாருக்கு எடுத்த கணக்காகத்தான் பெரும்பாலும் இருக்கும். உள்ளே பஞ்சு நிறைந்து அழுக்கும் சேர்ந்தால் குறையும். ஆனாலும் 880 அநியாயம்.)

அது கூடப் பரவாயில்லை. மூன்றாவது மாதம் ஊரிலிருந்து மாமியார் வருகிறார் என்று தொட்டியைப் பளிச்சென்று ஆக்க முடிவு செய்தேன். கல்லை எல்லாம் அள்ளி அலசினேன், ஃபில்டர் பஞ்சை மெட்ரோ வாட்டர் குழாயில் பிடித்துப் பிழிந்து பிழிந்து இட்லித் துணி மாதிரி வெளுக்கவைத்தேன். இரண்டாம் நாள் மோலி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான்காம் நாள் ஐந்து மோலி போய்விட்டது. தண்ணீரோ கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

விஷயம் இதுதான். மீன் செவுள் வழியாகவும் கழிவிலும் அம்மோனியா விடுகிறது, மிஞ்சிப்போன தீனி அழுகினாலும் அதேதான். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும், அதை வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டாவது வேலையை நைட்ரோபாக்டர் செய்கிறது என்றுதான் பழைய மீன் புத்தகங்களில் எல்லாம் போட்டிருக்கும். டிம் ஹோவனெக் என்பவரும் கூட இருந்தவர்களும் 1998இல் நன்னீர்த் தொட்டிகளைச் சோதித்து, அது நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். பெயர் எதுவோ இருக்கட்டும், இவை தண்ணீரில் மிதப்பதை விட பஞ்சிலும் வளையத்திலும் கல்லிலும் ஒட்டித்தான் குடியிருக்கின்றன. நான் குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரினால் அந்தக் குடியிருப்பையே காலி செய்திருக்கிறேன். இப்போதெல்லாம் தொட்டியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்து அதிலேயே பஞ்சை இரண்டு தடவை அமுக்கி எடுக்கிறேன். பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஆகவே தம்பி, நீ வாங்கப்போவது மெஷின் இல்லை, பாக்டீரியாவுக்கு ஒரு வீடு. இடம் நிறைய இருக்கவேண்டும், தண்ணீரும் ஆக்ஸிஜனும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். இரண்டடித் தொட்டிக்கு என் ஓட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குத்தான். பார்க்க அசிங்கமான கறுப்பு உருண்டை, ஏர் மோட்டாரிலிருந்து ஒரு டியூப், குமிழி மேலே போகும்போது தண்ணீரையும் பஞ்சு வழியாக இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான் நுட்பம். கப்பி மீன் குட்டி போட்டால் குட்டிகளை உறிஞ்சாது, ஃபைட்டரைத் தள்ளாது. ஏர் மோட்டார் 5 வாட் என்றால் மாதத்துக்கு 3.6 யூனிட், நான் முதலில் வைத்திருந்த 18 வாட் சாமான் 13 யூனிட் இழுத்தது. சத்தம் மட்டும் வரும். மோட்டாரின் கீழே பழைய மவுஸ் பேட் ஒன்றைப் போடு.

கடையில் கேனிஸ்டர் காட்டியிருப்பார்கள். நல்ல சாமான்தான், செடி நிறைய வைக்கிற பெரிய தொட்டிக்கு. ஆனால் மூடிய டப்பா அது. கரன்ட் போய் நாலைந்து மணி நேரம் ஆனால் உள்ளே இருக்கிற ஆக்ஸிஜனை பாக்டீரியாவே தின்று தீர்த்துவிட்டுச் சாக ஆரம்பிக்கும், கரன்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் வரும். உங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் பிடுங்கினால் சாயங்காலம்தானே தருகிறார்கள்? ஸ்பாஞ்ச் திறந்த தண்ணீரிலேயே இருப்பதால் அவ்வளவு சீக்கிரம் கெடாது, பாட்டரி ஏர் பம்ப் ஒன்றை மாட்டிவிட்டால் கவலையே இல்லை.

பாப்பா கோல்டு ஃபிஷ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கதை வேறு. அது தின்பதும் கழிப்பதுமாகவே இருக்கும், தொட்டியும் பெரிதாகப் போகவேண்டும். அப்போது மேலே வைக்கிற டாப் ஃபில்டர் பார், மூடியைத் தூக்கி வெள்ளைப் பஞ்சை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வளையத்தைத் தொடாதே. பக்கவாட்டில் தொங்குகிற ஹேங் ஆன் வகையும் மோசமில்லை, ஆனால் மே மாதத்தில் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கினால் ராத்திரி முழுக்க அருவிச் சத்தம். கல்லுக்கு அடியில் தட்டு வைக்கிற பழைய வகையைத் தொடவே தொடாதே. அடியில் அழுக்கு அடைத்தால் தொட்டியையே கவிழ்க்கவேண்டும். கார்பன் பாக்கெட்டைத் தனியாகத் தலையில் கட்டினால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. மஞ்சள் நிறத்தையும் வாடையையும் எடுக்கும், சில வாரத்தில் தீர்ந்துவிடும், மீனுக்கு மருந்து போட்டால் மருந்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

எதை வாங்கினாலும் முதல் நாளே பத்து மீன் வாங்காதே. பாக்டீரியா குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தெரிந்தவர் தொட்டியிலிருந்து பழைய பஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் சீக்கிரம் ஆகும்.

இவ்வளவு தட்டிக்கொண்டிருக்கும்போதே தம்பியிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான் வாங்கியிருக்கிறான், சந்தோஷம். ஆனால் ஏர் மோட்டாரைத் தரையில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கத்தில் வைத்திருக்கிறான். கரன்ட் போனால் டியூப் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி மோட்டாருக்குள்ளும் அந்த பாக்ஸ் மேலும்தான் ஊற்றும். டேய், மோட்டாரைத் தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு ஸ்டூல் போட்டு வை, டியூப் நடுவே தண்ணீரைப் பின்னோக்கி விடாத செக் வால்வ் ஒன்று மாட்டு. ரெண்டு டீ காசுதான் ஆகும்.