தொட்டியில் மூன்று இருக்கின்றன

ஜனவரி 11

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஈரப் பாசி மட்டும்தான் இருந்தது. மூன்று பாசித் தவளைகள் என்று சொல்லியிருந்தார்களே என்று பகீரென்றது. பாசியை விலக்க விரலைக் கொண்டுபோனேன். அதில் ஒரு துண்டு மெதுவாகக் கண்ணைத் திறந்தது.

பல வருட ஆசை இது. படங்களில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் படத்தில் தவளை நடுவில் இருக்கும், வெளிச்சம் அதன் மேல் விழும், தேட வேண்டிய வேலையே இருக்காது. நேரில் பார்ப்பது வேறு. முதுகு முழுக்க முள் மாதிரியும் மரு மாதிரியும் மேடுகள். கரும்பச்சை, இளம்பச்சை, காய்ந்த பாசியின் பழுப்பு, இடையிடையே கறுப்பு. புடைத்த பெரிய கண்களிலும் அதே பச்சையும் பழுப்பும்தான். வயிற்றுப் பக்கம் மட்டும் கறுப்பும் வெள்ளையும் கலந்த பளிங்குக் கோலம். விரல் நுனிகளில் வட்டமான தட்டுகள்.

மூன்றும் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. காட்டில் பிடித்தவை என்றால் வாங்கியிருக்க மாட்டேன். பெண் ஒன்று, ஆண் இரண்டு. பெண்தான் பெரியது.

ஜனவரி 14

இரண்டுதான் தெரிகின்றன.

தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர். மீதி கார்க் பட்டை, பாசி, கொஞ்சம் கல். ஒளிந்துகொள்ள பெரிய இடமில்லை. இருந்தும் இருபது நிமிடம் தேடினேன். கடைசியில் மூன்றாவது தண்ணீருக்குள் இருந்தது. கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, மூக்கு நுனி மட்டும் வெளியே.

மரத்தவளைக் குடும்பம்தான், ராக்கோபோரிடே. ஆனால் மரத்தவளை என்று நினைத்து வெறும் கிளைகளை நட்டு வைத்தால் இதற்குப் பிடிக்காது. வடக்கு வியட்நாமின் மலைக்காடுகளில் தண்ணீர் தேங்கிய பாறைக் குழிகளிலும் மரப்பொந்துகளிலும் வாழ்கிற உயிர். பயந்தால் தண்ணீருக்குள்தான் இறங்கும்.

ஜனவரி 20

பெயரைப் பற்றிக் கொஞ்சம். தெலோடெர்மா கார்டிகாலே. முதல் சொல் பேரினத்தின் பெயர். அதை வைத்தவர் ட்சூடி என்ற இயற்கையியலாளர், 1838-ல். காம்பு போன்ற மேடுகள் உள்ள தோல் என்று பொருள். இந்த இனத்தை 1903-ல் விவரித்தவர் விலங்கியலாளர் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சே. அப்போது டோன்கின் என்று அழைக்கப்பட்ட வடக்கு வியட்நாம் பகுதியில், சீன எல்லையை ஒட்டிய மாவ் சோன் மலையில், 3,000 முதல் 4,000 அடி உயரத்தில் கிடைத்தவற்றை வைத்து எழுதினார். கார்டிகாலே என்றால் மரப்பட்டை போன்றது.

பாசி என்று ஏன் தோன்றவில்லை? ஸ்பிரிட்டில் ஊறிய உடலில் பச்சை நிற்காது. பழுப்பாகிப்போன ஒன்றைப் பார்த்துப் பட்டை என்று எழுதியிருப்பார் என்பது என் ஊகம். உயிரோடு ஈரப் பாறையில் ஒட்டியிருக்கும்போது பார்த்திருந்தால் பெயர் வேறாக இருந்திருக்கும்.

ஜனவரி 29

இரவு பத்தரை மணி. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தேன். கால்சியம் பொடி தூவிய சுவர்க்கோழிகளை விட்டிருந்தேன். அதில் ஒன்று பாசி மேல் ஏறியது, நடந்தது, நின்று மீசையைத் துடைத்தது. அது நின்றிருந்த இடம் பெண் தவளையின் தலை.

தவளை அசையவில்லை. சுவர்க்கோழி தலையிலிருந்து இறங்கி இரண்டு விரல் தூரம் போனதும் ஒரே தாவல். மறுபடியும் பாசி. நடுவில் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவு வேகம்.

இரைக்கே தெரியவில்லை என்பதை நேரில் பார்த்தது இன்றுதான்.

பிப்ரவரி 6

இன்று ஒரு தவறு செய்தேன். தண்ணீர் மாற்றும்போது சின்ன ஆண் பட்டையிலிருந்து வழுக்கி என் கை மேல் விழுந்தது. உடனே இறக்கி விட்டிருக்க வேண்டும். ஒரு நொடி விரலை மடக்கிவிட்டேன். அவ்வளவுதான், கால்களை இழுத்து உடம்போடு சேர்த்துக்கொண்டு உருண்டையாகிவிட்டது. அசைவே இல்லை. கையில் பாசி படிந்த கூழாங்கல் ஒன்றை வைத்திருப்பது போல இருந்தது.

செத்தது போல் கிடப்பது இதன் கடைசித் தற்காப்பு என்று தெரியும். தெரிந்திருந்தும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாசியில் வைத்துவிட்டு தூரப் போய் உட்கார்ந்தேன். பல நிமிடம் கழித்து ஒரு கால் நீண்டது, அப்புறம் இன்னொன்று.

பார்க்க வேடிக்கையாக இருக்கிறது என்று இதை வேண்டுமென்றே செய்ய வைத்துப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உருண்டையாகக் கிடக்கும் தவளை, பாம்பின் வாயில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து எப்படிச் சிரிப்பது? தவிர, தவளை தோல் வழியாகத்தான் தண்ணீரை உறிஞ்சுகிறது. நம் கையில் உள்ள சோப்பும் உப்பும் அதற்கு ஆகாது. இனி ஈரக் கையுறை இல்லாமல் மூடியையே திறக்கப் போவதில்லை.

பிப்ரவரி 21

அக்காவும் அவள் மகனும் வந்திருந்தார்கள். அக்கா பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “கண்ணுக்கே தெரியாத ஒன்றை எதற்குடா வளர்க்கிறாய்?” என்றாள். நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை.

பையன் மட்டும் கண்ணாடியில் மூக்கை வைத்தபடி நின்றான். “மாமா, அந்தப் பாசி மூச்சு விடுது!” நான் அந்த மூலையை அன்று காலையிலிருந்து பார்த்திருக்கிறேன், அங்கே எதுவும் இல்லை என்று முடிவும் கட்டியிருந்தேன். அவன் காட்டிய பிறகுதான் தொண்டையின் அடிப்பக்கம் ஏறி இறங்குவது தெரிந்தது.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். நிறம் மாற்றி ஒளிகிற உயிர் இல்லை இது. தோலில் உள்ள மேடுகள் சின்னச் சின்ன நிழல்களை உண்டாக்குகின்றன. உடம்புக்கு ஓரம் என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. நம் கண் ஒரு விலங்கை அதன் ஓரத்தை வைத்துத்தான் பிடிக்கிறது போலும். ஓரம் உடைந்த பிறகு மிச்சமிருப்பது கண்கள், அதையும் அதே நிறத்தில் மூடிவிட்டது. இதே பேரினத்தில் பறவை எச்சம் போலவே இருக்கும் ஒரு தவளையும் உண்டு, தெலோடெர்மா ஆஸ்பெரும். வெள்ளையும் பழுப்புமாக இலை மேல் உட்கார்ந்திருந்தால் யாரும் தொடக்கூட மாட்டார்கள்.

அக்காவுக்கு இப்போது சொல்வேன்: கண்டுபிடிக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான். தினமும் அது புதிதாகவே இருக்கிறது.

மார்ச் 9

சத்தம்! மெல்லிய ஒற்றை விசில். இடைவெளி. மறுபடி ஒன்று. வலது பக்கம் என்று தலையைத் திருப்பினால் இடது பக்கம் கேட்கிறது. ஆண்கள் இரண்டும் இடது மூலையில்தான் இருந்தன. குரலும் ஒளிந்துகொள்கிறது.

மார்ச் 22

முட்டைகள். பட்டையின் உட்பக்கம், தண்ணீருக்கு நான்கு விரல் மேலே, பதினொன்று. ஒவ்வொன்றும் தெளிவான கூழுக்குள்.

இந்தக் குடும்பத்தில் பல தவளைகள் நுரைக் கூடு கட்டி முட்டையிடும். இது நுரை கட்டுவதில்லை. பொந்தின் சுவரில் முட்டையை ஒட்டிவிடுகிறது. பொரிந்த தலைப்பிரட்டை நேராகக் கீழே தண்ணீரில் விழும். தண்ணீரில் இருப்பவை முட்டையைத் தின்னாமலிருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் முட்டை காய்ந்துவிடக் கூடாது. இனி தெளிப்பானோடுதான் எழுந்திருக்க வேண்டும்.

மார்ச் 27

மூன்று முட்டைகளில் பூஞ்சை. எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 3

காலை ஆறு மணிக்கு முட்டைகள் இருந்த இடத்தில் வெறும் கூழ். தண்ணீருக்கு அடியில் எட்டுக் கறுப்புக் கோடுகள்.

மே 16

வெப்பம் 28 டிகிரியைத் தொட்டது. இவை மலைத் தவளைகள். 20, 22 டிகிரிதான் இவற்றுக்குச் சுகம். உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் தொட்டியின் வெளிப்பக்கம் சாய்த்து, மின்விசிறியைத் திருப்பிவைத்து, இரவெல்லாம் விழித்திருந்தேன். பெரியவை மூன்றும் தண்ணீரிலேயே கிடந்தன. தலைப்பிரட்டைகளில் இரண்டு காலையில் மிதந்தன. நேற்றே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். அது உறுத்துகிறது.

ஜூன் 30

ஆறும் நன்றாக இருக்கின்றன. ஊறிய சருகையும் மீன் தீவனத்தையும் அரித்துக்கொண்டே இருக்கின்றன. கால் இன்னும் வரவில்லை. அவசரமில்லாத பிறவி, குளிர்ந்த தண்ணீரில் ஒரு வருடம்கூட எடுத்துக்கொள்ளும்.

இன்று ஒருவர், குஞ்சுகள் வளர்ந்ததும் இரண்டைத் தர முடியுமா என்று கேட்டார். தருவேன். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னேன்: அவருடைய மற்ற தவளைகளோடு உடனே சேர்க்கக் கூடாது, தனித் தொட்டியில் வைத்து, தோல் பூஞ்சைப் பரிசோதனை முடிந்த பிறகுதான். தவளைகளின் தோலைத் தாக்கும், 1999-ல் பெயரிடப்பட்ட கைட்ரிட் பூஞ்சை உலகம் முழுக்க எத்தனை தவளை இனங்களை அழித்திருக்கிறது! தவளைகளை இடம் மாற்றி விற்பதும் அது பரவ ஒரு வழி. அதே காரணத்தால் தொட்டித் தண்ணீரை நான் ஓடையிலோ குளத்திலோ ஊற்றுவதில்லை. அவர் சரி என்றார். சரி என்று சொல்லாவிட்டால் தந்திருக்க மாட்டேன்.

செப்டம்பர் 12

ஒன்றுக்கு நான்கு காலும் வந்துவிட்டன. வால் இன்னும் பாதி இருக்கிறது. தண்ணீரை ஒரு விரல் ஆழத்துக்குக் குறைத்து, சாய்வாக ஒரு பட்டை வைத்தேன். வால் சுருங்கும் சமயத்தில் நுரையீரலால் மூச்சு விடத் தொடங்கும். ஏறிக்கொள்ள இடமில்லாவிட்டால் மூழ்கிவிடும்.

செப்டம்பர் 19

ஏறிவிட்டது. என் கட்டைவிரல் நகத்தளவுதான். முதுகில் மேடுகள் இப்போதுதான் அரும்புகின்றன. பழ ஈ ஒன்றை முதல் முயற்சியில் தவறவிட்டது, இரண்டாவதில் பிடித்தது.

அக்டோபர் 8

குட்டிகளின் தொட்டியில் இன்று ஐந்து இருக்க வேண்டும். ஒன்று இன்னும் தண்ணீரில் வாலோடு இருக்கிறது. மூன்றைப் பார்த்துவிட்டேன். பையனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அதுவரைக்கும் மற்ற இரண்டையும் தேடக் கூடாது என்று சொல்லியிருக்கிறான்.