பத்து மீட்டர் ஹால் ஒன்று போதும்

போன ஞாயிற்றுக்கிழமை ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் எங்கள் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள். பாண்டியிலிருந்து கடலூருக்கு வருகிற வண்டியில் நீளமாக ஒரு பெட்டி இருந்தால் நிறுத்தத்தானே செய்வார்கள், உள்ளே பாட்டில் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். திறந்து காட்டினேன். ஏர் ரைஃபிள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த மகள், "சார், இது காத்துல சுடுறது சார், சக்தி 20 ஜூலுக்குள்ளதான், லைசென்ஸ் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஒன்பதாவது படிக்கிறாள். அந்தக் காவலர் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டு, "எங்க சார் சொல்லித் தர்றாங்க? என் பொண்ணு ஆறாவது படிக்குது, சேர்த்துக்குவாங்களா?" என்று கேட்டார். ஓரமாக நின்று பத்து நிமிஷம் பேசினோம். அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும் இங்கே எழுதுகிறேன்.

துப்பாக்கி சுடுதல் நம் நாட்டில் ரொம்ப காலம் அரண்மனை விளையாட்டாகத்தான் இருந்தது. பிகானீர் மகாராஜா கர்ணி சிங் 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் பறக்கும் தட்டைச் சுடுகிற டிராப் பிரிவில் வெள்ளி வாங்கினார், அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் இடமும் தோட்டாவுக்குப் பணமும் இருந்தது. 2008-இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினாரே, ஒலிம்பிக்கில் தனிநபராக இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம், அதற்குப் பிறகுதான் சாதாரண வீடுகளில் இந்தப் பேச்சே வந்தது. 2012-இல் ககன் நாரங் வெண்கலம். அப்புறம் ரியோவிலும் டோக்கியோவிலும் ஒன்றுமில்லை, டோக்கியோவுக்குப் போன 15 பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்போதும் பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டல் கலப்பு அணியில் மனு பாக்கரோடு வெண்கலம் வாங்கிய சரப்ஜோத் சிங், அம்பாலா பக்கம் ஒரு விவசாயி வீட்டுப் பிள்ளை.

இது பரவியதற்குக் காரணம் பதக்கம் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். இதற்கு மைதானம் வேண்டாம். பத்து மீட்டர் நீளமும் நல்ல வெளிச்சமும் உள்ள ஒரு ஹால் கிடைத்தால் போதும், மழை நாளிலும் சுடலாம். பாண்டியில் மகள் பழகும் இடம் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாவது மாடி. சுட வேண்டிய குறி அட்டையைக் கயிற்றில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் அனுப்புவார்கள். ரைஃபிள் உருளையில் காற்றடிப்பது ஒரு பெரிய சிலிண்டரிலிருந்து, கடலுக்கடியில் மூழ்குகிறவர்கள் முதுகில் மாட்டிக்கொள்வார்களே, அதே வகை.

அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு இந்த விளையாட்டே புரிந்தது. நடுவில் கறுப்பு வட்டம், அதற்கு நட்டநடுவே ஒரு வெள்ளைப் பொட்டு. அதுதான் பத்துப் புள்ளிக்கான இடம். குறுக்களவு அரை மில்லிமீட்டர், ஒரு கசகசா மணியில் பாதி இருக்கும். சுடுகிற பெல்லட்டோ நாலரை மில்லிமீட்டர். ஆக, சரியாகச் சுட்டால் அந்தப் பொட்டே இருக்காது, ஓட்டைதான் இருக்கும். பத்துக்குள்ளேயும் 10.0 முதல் 10.9 வரை கணக்கு உண்டு. 60 குண்டு, ஒன்றேகால் மணி நேரம். விரல் விசையில் இருக்கும்போது மூச்சு பாதியில் நிற்கும், மகள் கழுத்தில் நாடி துடிப்பது பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியும்.

ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? வளர்ந்தது அகமதாபாத்தில், பயிற்சி எடுத்தது நாரங்கின் அகாடமியில். 2019-இலும் 2023-இலும் ரியோ உலகக் கோப்பையில் தங்கம். பாரிஸில் 630.7 எடுத்தார், குண்டுக்குச் சராசரி பத்தரைக்கு மேல், அப்படியும் பத்தாவது இடம்தான். எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

செலவைப் பற்றியும் அந்தக் காவலர் கேட்டார். மறைக்க வேண்டியதில்லை, வெளிநாட்டு ரைஃபிள் லட்சக்கணக்கில் ஆகும். மகள் கையில் இருப்பது கிளப்பினுடையது, மூன்று பிள்ளைகளுக்கு முறை போட்டுத் தருகிறார்கள், வீட்டில் பழக இந்த வாரம் எங்கள் முறை. சுடும்போது போட்டுக்கொள்கிற ஜாக்கெட்தான் பெரிய தலைவலி. கேன்வாஸ் துணியில் விறைப்பாக, உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கிறது, பிள்ளை வளர வளர அது பிடிக்கிறது. போன வருஷம் ஒரு கடையில் முன்பணம் கட்டி ஐந்து மாதம் காத்திருந்து வாங்கியது தோளில் இரண்டு விரல் தொங்கியது, மாற்றித் தரவே மாட்டேன் என்றுவிட்டார்கள். கடைசியில் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தையற்காரர்தான் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார்.

சில்வர் பீச்சில் பலூன் சுடுகிற இடத்தில் சாயங்காலம் நின்று பாருங்கள். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் நாலு பேராவது கையை அசைக்காமல் பிடிப்பார்கள். என் மகளும் அங்கேதான் முதலில் துப்பாக்கியைத் தொட்டாள். அந்த நாலு பேருக்கும் வாரம் மூன்று நாள் பாண்டிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்க வேண்டுமே.

கடலூரில் யாரிடமாவது சுடுகிறவர் பின்னால் நிற்க இடம் விட்டு, பத்து மீட்டர் நீளத்துக்கு, ஒரே ஒரு வாசல் உள்ள ஹால் காலியாக இருந்தால் சொல்லுங்கள். மாலையில் இரண்டு மணி நேரம் போதும். வாடகை கொடுக்க நாங்கள் ஏழு பெற்றோர் இருக்கிறோம், அந்தக் காவலரையும் சேர்த்தால் எட்டு.