எட்டு மா

திருவாரூர் மாவட்டத்தில், கோட்டூர் பக்கம், ஓர் இயற்கை விவசாயக் குழுவுக்கு மூன்று சம்பாப் பட்டம் களப்பணியாளராக இருந்தேன். என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் "விவசாயிகளுக்கு அங்ககச் சான்று, அதாவது ரசாயனம் இல்லாமல் விளைந்தது என்ற சான்று, வாங்கிக் கொடுக்கிறேன்" என்பேன். நாள் முழுக்கச் செய்ததோ காகிதம் சேர்ப்பதுதான். சிட்டா, அடங்கல் (வயலில் என்ன பயிர், யார் சாகுபடி என்று சொல்லும் கிராமக் கணக்கு), ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், வயல் வரைபடம், எந்தத் தேதியில் எந்தக் கரைசல் தெளித்தார்கள் என்று எழுதிய பண்ணைக் குறிப்பேடு.

சான்றுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மாநில அங்ககச் சான்றளிப்புத் துறையில் பதிவுசெய்து, ஆய்வாளர் வந்து பார்த்துக் கொடுப்பது. சிறு குறு விவசாயிக்குக் கட்டணம் 2,700 ரூபாய், குழுவாகச் சேர்ந்தால் 7,200 என்று அறிவித்திருந்தார்கள். ஏற்றுமதிக்குப் போகிற சரக்கென்றால் இந்த வழிதான். மற்றது பங்கேற்பு உத்தரவாத முறை. ஒரே ஊர்க்காரர்கள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகி, ஒருவர் வயலை ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. எங்கள் குழு இரண்டாவது வகை. அதற்கு மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா திட்டத்தில் பணம் உண்டு: ஹெக்டேருக்கு 3 ஆண்டுகளுக்குச் சேர்த்து 31,500 ரூபாய். அதில் இடுபொருளுக்கென்று விவசாயி கணக்குக்கு நேராக வருவது 15,000. சான்றுக்கும் நச்சு எச்சப் பரிசோதனைக்கும் 3,000.

எங்கள் பக்கம் யாரும் ஹெக்டேரில் பேசமாட்டார்கள். மூன்று மா சுமார் ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. நான் மாவுக்குக் கணக்குப் போட்டுச் சொன்னேன். சான்றுச் செலவுக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்து மாவுக்கு 400 ரூபாய் சொச்சம். ஓர் ஆண் ஆளின் ஒரு நாள் கூலிக்குக்கூடக் காணாது. "கட்டணத்துக்கு அது போதும்ல தம்பி?" என்றார்கள். கட்டணத்துக்குப் போதும்தான். சான்றின் செலவு கட்டணத்தோடு முடிந்துவிடும் என்று அப்போது நானும் நம்பினேன்.

சாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டாவில் எந்த வீட்டிலும் நெல் கிடப்பது பழைய யூரியா சாக்கில்தான். சான்று வேண்டுமென்றால் அது கூடாது, புதுச் சாக்கு வாங்க வேண்டும். அறுப்பு மெஷின் முந்தின வயலின் நெல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு வரும். அதைச் சுத்தமாகத் தட்டிவிட்டுத்தான் நம் வயலில் இறக்க வேண்டும். மெஷின் வாடகை மணிக்கணக்கு. தட்டுகிற நேரத்துக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை, பெரிய பாடு தண்ணீர். இங்கே பாசனம் வயலுக்கு வயல். மேல்வயல்காரர் யூரியா போட்ட தண்ணீர் நம் மடை வழியாகத்தான் இறங்கும். வாய்க்கால் கடைசியில் நிலம் இருப்பவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

இதற்கு எங்கள் குழுவில் ஒழுங்காக வழி கண்டவர் ஓர் அக்கா. எட்டு மா நிலம், எல்லாம் கடைமடை. மேலே உரம் போட்டது தெரிந்தால் மடையை அடைத்து, நான்கைந்து நாள் வயல் காய்ந்தாலும் திறக்கமாட்டார். வரப்பை ஓரடி உயர்த்திக் கட்டி, அகத்தி வைத்தார். மேல்வரப்பை ஒட்டி ஒரு நடை அகலத்துக்கு விளைந்த மாப்பிள்ளைச் சம்பாவைத் தனியாக அறுத்து வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கினார். சக விவசாயிகள் ஆய்வுக்குப் போன அன்று, மற்ற வயல்களை எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதை அந்த எட்டு மாவை வைத்துத்தான் எல்லாரும் பேசினார்கள்.

பணம் வந்த காலத்தையும் சொல்லவேண்டும். 2022-ல் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே, மே 24-ல் திறந்துவிட்டார்கள். பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டின் விதைக்கு ஊரே அலைந்தது. அப்போது கையில் காசு இருந்திருந்தால் அத்தனை பேரும் விதைத்து மடக்கி உழுதிருப்பார்கள். எங்கள் குழுவுக்குப் பணம் ஏறியது அறுப்பெல்லாம் முடிந்து, தரிசில் உளுந்து காய் பிடித்திருந்தபோது. மார்ச்சில் கணக்கை முடிக்க வேண்டும் என்ற அவசரம் அலுவலகத்துக்கு இருந்தது, ஆடிக்குள் விதை வேண்டும் என்ற அவசரம் விவசாயிக்கு. இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. அடுத்த வருஷம் அக்டோபர் 10-ல் மேட்டூரை மூடினார்கள். ரசாயனத்தை விட்ட இரண்டாம் வருஷம், மகசூல் ஏற்கெனவே இறங்கியிருந்த நேரம். கடைமடையில் இருந்தவர்கள் பட்டபாடு சொல்லி மாளாது. அந்த இறக்கத்துக்கு ஈடுகொடுக்க எந்தப் பட்டியலிலும் ஒரு வரி இல்லை.

அக்காவின் பெயர் பயனாளிப் பட்டியலிலேயே இல்லை.

அந்த எட்டு மா கோயில் நிலம். குத்தகை இறந்துபோன மாமனார் பெயரில். 1969-ல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி அவர் பெயரைப் பதிந்து வைத்திருந்தார்கள், அதோடு நின்றுவிட்டது. பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும், கொழுந்தன்மார் சம்மதம் வேண்டும், குத்தகைப் பாக்கி அடைபட வேண்டும். ஒரு கொழுந்தன் திருப்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். யார் பயிர் செய்கிறார் என்று எழுத அடங்கலில் இடம் இருக்கத்தான் செய்கிறது. எழுதித்தரச் சொல்லி கிராம நிர்வாக அலுவலகத்துக்கு நான் ஏழெட்டு தடவை நடந்தேன். எழுதவில்லை. பதிவுக்கு அடங்கல் கட்டாயம் என்றார்கள். அவர் பெயர் விடுபட்டுப் போனது.

டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் வாய்மொழியாக உழுகிறவர்களை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு உதவி என்றால், அந்த உதவி பல வயல்களைத் தொடாமலே போகும். ஒருவர் வயலுக்கு ஊரே சாட்சி சொல்லலாம் என்பதுதான் இந்தச் சான்று முறையின் அடித்தளம். மண்ணுக்குச் சாட்சி சொல்லத் தகுதியான ஐந்து பேர், அதை உழுவது யார் என்று சொல்லவும் தகுதியானவர்கள்தானே? இதை எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை.

மூன்றாம் வருஷ அறுப்பு. ஒரு கடைக்காரர் குழு நெல்லை மொத்தமாக எடுக்க ஒப்புக்கொண்டார். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கென்று தனி விலை கிடையாது, அதனால் இந்தக் கொள்முதல் எங்களுக்குப் பெரிது. மூட்டைகள் கொட்டகைக்கு வந்தன. அக்காவும் டிராக்டரில் ஏற்றி வந்துவிட்டார். சான்று இல்லாத நெல்லைச் சான்று பெற்ற நெல்லோடு அடுக்கக்கூடாது. குழுவில் அந்த விதியை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். அக்காவிடமும் நானே போய்ச் சொன்னேன்.

"ஒரே மடைத் தண்ணிதானே தம்பி?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை.

"சரி, நீ சங்கடப்படாத. அந்த மூலையில அடுக்கிக்கிறேன்" என்று அவரே ஆளை விட்டு மாற்றச் சொன்னார். புதுச் சாக்குகள்தாம், ஒன்றுகூட யூரியா சாக்கு இல்லை. நடுவில் ஒரு தார்ப்பாய் கட்டினோம். அந்தப் பக்கத்து மூட்டைகளுக்கு ஒரு விலை, இந்தப் பக்கத்துக்கு வேறு விலை.

நான் அந்த வேலையை விட்ட பிறகு குத்தகைப் பெயர் மாற்றம் ஆகிவிட்டது என்று போன் செய்து சொன்னார். அடங்கலும் கிடைத்ததாம். குழுவில் பதிந்துவிட்டார்கள். ரசாயனத்தை விட்டு முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திருக்கிற மாற்றுக் காலம் பதிவு நாளிலிருந்துதான் கணக்கு. இது அவருக்கு முதல் வருஷம்.